மழைக்கு ஒதுங்க எந்த மாளிகை? ஆஷ்ஃபோர்டு, பாலிஃபின், பாலினாஹிஞ்ச்

அயர்லாந்தில் பழைய ஜமீன் மாளிகை ஓட்டல் ஒன்றில் தங்குவது என்று முடிவெடுத்தபின் எங்கள் பட்டியலில் மூன்று பெயர்கள் மிஞ்சின: மேயோவில் உள்ள ஆஷ்ஃபோர்டு கோட்டை, லீஷில் உள்ள பாலிஃபின், கால்வே மாவட்டத்தின் மேற்கில் பாலினாஹிஞ்ச் கோட்டை. தங்கியது பாலினாஹிஞ்சில். எனவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆஷ்ஃபோர்டைப் பகல் நேரத்தில் தோட்டம் வரைதான் பார்த்தேன். பாலிஃபினைப் பற்றிச் சொல்வது, அங்கே தங்கித் திரும்பிய நண்பர்கள் பேச்சையும் படித்தவற்றையும் நம்பி.

கட்டில், குளியலறை, காலைச் சிற்றுண்டி, பணியாளர்களின் பணிவு ஆகியவற்றை ஒப்பிட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். இந்த விலைக்கு எதுவும் மட்டமாக இருக்காது.

பார்க்க வேண்டியது மழையை. மேற்கு அயர்லாந்தின் சில பகுதிகளில் ஆண்டுக்குச் சுமார் 225 நாள் மழை நாள். நம் ஐப்பசி மழைபோல் கொட்டித் தீர்த்துவிட்டுப் போவதில்லை; பொடித்தூறலாக விழும், நிற்கும், சட்டையை மாற்றிக்கொண்டு வெளியே வந்தால் மறுபடி விழும். அதனால் பகலில் பாதி நேரம் வீட்டுக்குள்தான் கழியும், அதுவும் அறையில் அல்ல, கணப்பு எரியும் பொதுக்கூடத்தில். நீங்கள் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி அந்தக் கூடத்துக்குத்தான். அங்கே எவ்வளவு இயல்பாக உட்கார முடிகிறது என்பதை வைத்துத்தான் நான் தேர்ந்தெடுத்தேன்.

ஆஷ்ஃபோர்டின் வரலாறு 1228இல் டி பர்கோ குடும்பம் எழுப்பிய கோட்டையில் தொடங்குகிறது. 1852இல் பீர் வணிகத்தால் செழித்த கின்னஸ் குடும்பத்தின் கைக்கு வந்தது, 1939இல் ஓட்டலானது. இன்று 83 அறைகள், 350 ஏக்கர், எதிரே கோரிப் ஏரி. வல்லூறைக் கையில் ஏந்தி நடக்கக் கற்றுத்தரும் பள்ளி வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. காங் கிராமமும் அதன் பழைய மடாலயமும் நடை தூரம்தான். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். எனக்கு ஆகாதது அதன் தோரணை. வாசலில் நிற்கும்போதே முதுகு தானாக நிமிர்கிறது. விடுமுறையில் எனக்கு வேண்டியது அதற்கு நேர்மாறானது.

மழைக்கு உகந்த வீடு என்றால் நேர்மையாகப் பாலிஃபினைத்தான் சொல்ல வேண்டும். 1820களில் கூட் குடும்பத்துக்காகக் கட்டப்பட்டு, பின்னர் பல பத்தாண்டுகள் பள்ளியாக இருந்தது. 2002இல் விற்கப்பட்டு, ஒன்பது ஆண்டுகள் பழுதுபார்க்கப்பட்டு, 2011இல் ஓட்டலாகத் திறந்தது. 614 ஏக்கருக்கு இருபது சொச்சம் அறைகள்தான். நீண்ட நூலகம் ஒன்று இருக்கிறது. சாப்பாடு வாடகையிலேயே சேர்த்தி. பழங்கால உடை அணிந்து இரவு உணவுக்கு வரலாம் என்றும் ஓர் ஏற்பாடு. நண்பர் அதை வெகுவாக ரசித்தார், நான் கூசிப்போயிருப்பேன். ஆனால் விலை மூன்றிலும் உச்சம். தவிர, தங்காதவர்களுக்கு உள்ளே இடமில்லை. அமைதி விரும்பிகளுக்கு அது வரம். எனக்கோ, அயர்லாந்து வரை போய் அயர்லாந்துக்காரர்களைப் பரிமாறுகிறவர்களாக மட்டும் பார்த்துத் திரும்புவதில் விருப்பமில்லை.

பாலினாஹிஞ்ச் இந்த இடத்தில்தான் வென்றது. அது இருக்கும் பகுதி கன்னிமாரா. சென்னை நூலகத்தின் பெயரும் இங்கிருந்து வந்ததுதான். மெட்ராஸ் கவர்னர் ஒருவர் பிரபுப் பட்டத்துக்கு இந்தப் பகுதியின் பெயரைச் சூடியிருந்தார். மாளிகை முதலில் மார்ட்டின் குடும்பத்துடையதாக இருந்தது. அவர்களில் ரிச்சர்ட் மார்ட்டின், கால்நடைகளை வதைப்பதைத் தடுக்கும் சட்டத்தை 1822இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் நிறைவேற வைத்தவர். 1840களின் பெரும் பஞ்சத்தை ஒட்டிக் கடனில் மூழ்கிச் சொத்து கைமாறியது. 1924இல் அதை வாங்கியவர் நவாநகர் மகாராஜா ரஞ்சித்சிங்ஜி, ரஞ்சிக் கோப்பையின் ரஞ்சிதான். கோடைகளில் வந்து சால்மன் பிடித்தார். ஆற்றங்கரையில் அவர் அமைத்த மீன்பிடி மேடைகளின் வழியேதான் இன்றும் நடக்கிறோம்.

ஓட்டலுக்குள் மீனவர் பப் ஒன்று உண்டு. தூண்டில்காரர்களும் சுற்றுவட்டார மக்களும் ஈரக் கோட்டோடு வந்து உட்காருகிறார்கள். கணப்புக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தால், ஆற்றில் தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பக்கத்து மேசைக்காரரே பேச்சைத் தொடங்கிவிடுவார். எங்களுக்கு மழை மதியங்கள் கழிந்தது அங்கேதான். பெரிய உணவகத்தில் ஓர் இரவு போதும். மற்ற நாட்களில் பப் சாப்பாடு வயிற்றையும் நிரப்பியது, செலவையும் குறைத்தது.

குறைகளும் உண்டு. எல்லா அறைகளும் பழைய கட்டடத்தில் இல்லை. புதிய பகுதியில் ஆறு அருகில் தெரியும், பழமையின் வாசனை இருக்காது. கால்வேயிலிருந்து ஒரு மணி நேரத்துக்கும் மேலான வண்டிப் பயணம், சாலையும் குறுகல். சாப்பாட்டுப் பட்டியலில் கடலும் ஆட்டிறைச்சியும்தான் முன்னால் நிற்கும்; சைவர்கள் முன்கூட்டியே எழுதிச் சொல்லிவிடுவது நல்லது. தூண்டில் போட அனுமதிச் சீட்டும் வழிகாட்டியும் தனிச் செலவு. மீன்பிடிப்பில் நான் இறங்கவில்லை என்பதால் அது பணத்துக்கு ஈடா என்று சொல்லத் தகுதியில்லை.

நான் போனது சால்மன் பருவத்தில். மீன்பிடிப்புக்கு ஆறு மூடிய குளிர்மாதங்களில் அந்தப் பப்பில் இதே கூட்டம் இருக்குமா என்பது சந்தேகம். அப்போது போவதாக இருந்தால், பையில் பணமும் இருந்தால், பாலிஃபினை மறுபடி ஒருமுறை யோசிப்பேன்.