கல்திட்டை பார்க்கப் பழனி மலையா, நீலகிரியா?

பலகைக்கற்களை நிறுத்தி, மேலே மூடுகல் வைத்த பெருங்கற்கால ஈமச்சின்னம்தான் கல்திட்டை. இப்படிப்பட்ட பெருங்கற்காலச் சின்னங்கள் இரண்டு மலையிலும் உண்டு. ஆனால் நீலகிரியின் ஈமக் கல்வட்டங்களில் பல 19ஆம் நூற்றாண்டிலேயே தோண்டப்பட்டுவிட்டன. மாவட்டத்தின் முதல் கமிஷனர் பிரீக்ஸ் உள்ளிட்டோர் எடுத்த பொருட்கள் இன்று சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திலும் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்திலும் இருக்கின்றன. மூடியில் எருமை, மனித உருவங்கள் நிற்கும் அந்த ஈம மண்பாண்டங்களைப் பார்க்க வேண்டுமென்றால் மலை ஏற வேண்டாம், எழும்பூர் போதும்.

பழனி மலையில் கல்லும் அதன் கதையும் பக்கத்திலேயே கிடைக்கின்றன. முதல் முறை போகிறவர்களுக்கு எங்கள் தேர்வு இதுதான். செண்பகனூரில் இயேசு சபைத் துறவியர் 1895இல் தொடங்கிய திரு இருதயக் கல்லூரியின் அருங்காட்சியகத்திலிருந்து ஆரம்பியுங்கள். இங்கிருந்த பிரெஞ்சுத் துறவி ஆங்லேடும் நியூட்டனும் இம்மலைக் கல்திட்டைகளை ஆராய்ந்து எழுதியதை 1928இல் தொல்லியல் துறை வெளியிட்டது. வார விடுமுறையை விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

அடுத்து பேத்துப்பாறை, அல்லது பண்ணைக்காடு வழியாகத் தாண்டிக்குடி. பேத்துப்பாறை கொடைக்கானலுக்குக் கிட்டம், அரை நாள் போதும். தாண்டிக்குடிக்கு முழு நாள் ஒதுக்குங்கள். வத்தலக்குண்டிலிருந்தும் பேருந்து உண்டு. தொல்லியலாளர் கா. ராஜன் தலைமையில் அகழாய்வு நடந்த ஊர் இது. கல்திட்டை, கல்பதுக்கை, ஈமத்தாழி மூன்றும் இங்கே உண்டு. கல்திட்டை தரைக்கு மேலே நிற்கும், பதுக்கை மண்ணுக்குள் இருக்கும். பல சின்னங்கள் காப்பித் தோட்டங்களுக்குள் இருப்பதால் தோட்டக்காரரிடம் கேட்டுவிட்டே நுழையுங்கள். கல்திட்டைக்கு உள்ளூர்ப் பெயரான 'பாண்டவர் வீடு', 'குள்ளர் வீடு' என்று விசாரித்தால் ஊர்க்காரர்கள் சட்டென்று வழி காட்டுவார்கள்.

கல்திட்டையின் பலகைக்கற்களை நிமிர்த்திப் பிடித்திருப்பது வெளியே அண்டக்கொடுத்த சிறு கற்கள்தான். அவற்றைத் தோட்டச்சுவருக்கு எடுத்தாலோ, படம் எடுக்க மூடுகல் மேல் ஏறினாலோ பலகை சாயும், மூடுகல் விழும். ஒரு முறை சரிந்தது பழைய நிலைக்கு வராது. தயவுசெய்து ஏறாதீர்கள், உள்ளே தீ மூட்டாதீர்கள்.

நீலகிரியின் பலம் வேறு. கீழ்க்கோத்தகிரிப் பக்கம் கரிக்கையூர் பொறிவரையில் பாறை ஓவியங்கள் இருக்கின்றன. அதற்கு நிகரானது பழனி மலையில் கிடையாது. காட்டுக்குள் இருப்பதால் வனத்துறையின் மலையேற்றத் திட்டத்தில் முன்பதிவு செய்து, வழிகாட்டியோடுதான் போக வேண்டும். ஓவியம் தெளியவில்லை என்று தண்ணீர் தெளிப்பது பெரும் கேடு: நிறம் கரையும், உப்பு படியும்.

குன்னூர் அருகே பகாசுரன் மலைக் கோட்டையில் மிச்சம் இருப்பது சிதைந்த சுவர்தான். நடைக்காகவும் சமவெளிக் காட்சிக்காகவும் போகலாம், கட்டடத்துக்காக என்றால் ஏமாற்றம். குழந்தைகளும் முதியவர்களும் வந்தால் கோத்தகிரி கன்னேரிமுக்கில் கோவை கலெக்டர் ஜான் சலிவன் 1819இல் கட்டிய பெத்தக்கல் பங்களா சுலபம்.

போக ஏற்ற காலத்தில் இரண்டு மலைக்கும் பெரிய வித்தியாசமில்லை. தாண்டிக்குடியும் கோத்தகிரியும் கிழக்குச் சரிவு; அக்டோபர் முதல் டிசம்பர் வரை அடைமழை, மண்சரிவு, அட்டை. ஜனவரி நல்லது. பிப்ரவரி பாதிக்கு மேல் காட்டுத்தீ பயத்தால் மலையேற்றப் பாதைகளை மூடிவிடுவார்கள். அப்போது பொறிவரையை விட்டுவிட்டுத் தாண்டிக்குடிக்குப் போங்கள். காட்டுமாடு வெளியே வரும் முன், மாலை நான்கு மணிக்குள் திரும்பிவிடுங்கள். ஊட்டி, கொடைக்கானல் இரண்டுக்கும் சொந்த வண்டிக்கு இ-பாஸ் வேண்டும், அரசுப் பேருந்துக்கு வேண்டாம்.