மாத்திரையைக் குறைத்து விற்கும் மருந்துக் கடை

எங்கள் தெருமுனை மருந்துக் கடையில் இருவர் சேர்ந்து நின்றால் மூன்றாமவர் படியில்தான் நிற்க வேண்டும். இணையத்தில் தள்ளுபடி கிடைக்கிறது என்று தெரிந்தும் நான் அங்கேயே போவதற்குக் காரணம், மருந்தாளுநரின் சான்றிதழ் சுவரில் தொங்குவதோடு நில்லாமல், மருந்தாளுநரும் கடையில் இருக்கிறார் என்பதே.

சென்ற ஐப்பசி மழையில் காய்ச்சலும் மூக்கடைப்புமாகப் போய், பாராசிட்டமால் 650 ஓர் அட்டையும் விளம்பரத்தில் பார்த்த சளி மாத்திரை ஓர் அட்டையும் கேட்டேன். அவர் சளி மாத்திரை அட்டையைத் திருப்பி, பொடி எழுத்தைப் படித்துக் காட்டினார்: பாராசிட்டமால் 500, பினைலெப்ரின் 10, குளோர்பெனிரமின் 2 மில்லிகிராம். "ரெண்டையும் சேர்த்துப் போட்டா ஒரே வேளைல 1150 ஆயிடும் சார்" என்றார். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 4 கிராமுக்கு மேல் போனால் கல்லீரலுக்குக் கேடு என்பதை அறிந்திருந்த எனக்கு, ஒரே மருந்தை இரண்டு பெயர்களில் வாங்கிக்கொண்டிருக்கிறேன் என்பது உறைக்கவில்லை. பிரஷர் உண்டா, வண்டி ஓட்டுவீர்களா என்றும் கேட்டார். பினைலெப்ரின் இரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடும், குளோர்பெனிரமின் தூக்கத்தை வரவழைக்கும். கடைசியில் பாராசிட்டமால் மட்டும் கொடுத்து, ஆறு மணி நேர இடைவெளியில் போடும்படியும், டெங்குக் காலம் என்பதால் உடம்புவலிக்கு டைக்ளோபினாக், ஐபுபுரூஃபென் பக்கம் போகாமல் மறுநாளும் காய்ச்சல் விடாவிட்டால் மருத்துவரைப் பார்க்கும்படியும் சொல்லி அனுப்பினார்.

ஐந்து மாத்திரை போதும் என்றால், காலாவதித் தேதி அச்சான பக்கம் வாங்குபவர் கைக்கு வருமாறு பார்த்து வெட்டித் தருகிறார். முன்பு நான் போய்வந்த கடையில் வெள்ளை, மஞ்சள், ரோஸ் என்று மூன்று மாத்திரைகளைப் பெயரில்லாமல் காகிதக் கவரில் போட்டு "ஒரு செட்" என்று தருவார்கள். எதை விழுங்கினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இவரோ, தொண்டை வலிக்கு அசித்ரோமைசின் கேட்ட ஒருவரிடம் அட்டையின் சிவப்புக் கோட்டைக் காட்டி, மருத்துவர் சீட்டு இல்லாமல் தர முடியாது என்றுவிட்டார். வந்தவர் முணுமுணுத்துக்கொண்டே எதிர்க்கடைக்குப் போனார்.

குறைகளும் உண்டு. ரசீதைக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொருவரிடமும் இப்படி விசாரிப்பதால் மாலையில் கால் மணி நேரமாவது காத்திருக்க நேர்கிறது. ஞாயிறு மதியத்துக்குமேல் கடை கிடையாது. ஐந்துக்கு நான்கு நட்சத்திரம்.