சுரங்கம் மூடிய பின் தண்ணீருக்கு வழி: படிமேடா, ஓடையா?

திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கத்தை மூடும்போது, கொட்டிய மண்மேட்டில் விழும் மழைநீரை எப்படிக் கீழே இறக்குவது? அமெரிக்காவில் வெகுகாலமாகப் புழங்குவது படிமேடு முறை. சரிவை ஒரே சீராக மட்டம் தட்டி, குறுக்கே படிகள் வெட்டி, படிகளில் சேரும் நீரைக் கல் பாவிய வாய்க்காலில் நேராக இறக்கிவிடுவார்கள். வரைவது சுலபம், புல்டோசர் ஓட்டுபவருக்கும் சுலபம்.

வினை அந்தப் படியில்தான். அதன் வாட்டம் மிகக் குறைவு. கொட்டிய மண்ணோ எல்லா இடத்திலும் ஒரே அளவாக அமுங்காது. ஓரிடம் கொஞ்சம் இறங்கினால் போதும், நீர் தேங்கிப் படியை உடைத்துக்கொண்டு அடுத்த படியில் மொத்தமாக விழும். அதுவும் தாங்காது. மேல் வரப்பு உடைந்த வயலைப் பார்த்தவர்களுக்கு மீதியைச் சொல்ல வேண்டாம்.

இன்னொன்று, நிக்கோலஸ் புகோஷ் என்ற நிலவடிவியலாளர் உருவாக்கிய ஜியோஃபுளுவ் முறை. நியூ மெக்சிகோவின் லா பிளாட்டா சுரங்கத்தில் இதைச் செய்து பார்த்தார்கள். அந்த வட்டாரத்தில் நிலைத்து நிற்கும் இயற்கை நிலத்தில் ஓடைகள் எவ்வளவு நெருக்கமாக ஓடுகின்றன, எப்படி வளைகின்றன என்று அளந்து, அதே கணக்கில் மேட்டைச் செதுக்குவது. சரிவு மேலே செங்குத்தாக இருந்து கீழே போகப்போகத் தணியும். நீரை ஒரே வாய்க்காலில் குவிக்காமல் பல சிற்றோடைகளுக்குப் பங்கு போடுவதுதான் சூட்சுமம். மண் கொஞ்சம் அரிக்கத்தான் செய்யும்; பக்கத்துக் குன்றும் அரிக்கிறதே!

செலவு? மண்ணைக் கொட்டும் முன்பே வரைபடம் தயாராக இருந்தால் பெரிதாகக் கூடாது. கொட்டி முடித்த பிறகு யோசித்தால் மறுபடி அள்ளிக் கொட்ட வேண்டும், பணம் அங்கேதான் கரையும். அப்பலாச்சிய மலைகளில் குறுகிய பள்ளத்தாக்கை மண்ணால் நிரப்பிய இடங்களில் சரிவைத் தணிக்க இடமே கிடைப்பதில்லை. அங்கே படிமேட்டைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அப்புறம், உடைந்த பாறைகளுக்குள் இறங்கி உப்பேறி வரும் நீரை மேற்பரப்பின் வடிவம் மட்டும் சரிசெய்துவிடாது. இதில் இரண்டுமே ஒன்றுதான்.

அமெரிக்காவின் 1977ஆம் ஆண்டு நிலக்கரிச் சுரங்கச் சட்டப்படி, ஆண்டு மழை 26 அங்குலத்தைத் தாண்டாத பகுதிகளில், செடிகொடி வளர்த்த பின் குறைந்தது 10 ஆண்டுகள் நிறுவனமே பொறுப்பு. அதுவரை படியைப் பார்த்துக்கொள்ள ஆள் உண்டு. அதற்குப் பிறகு பெய்யப்போகும் பெருமழையை நினைத்தால், இடம் இருக்கிற வரை நான் ஓடை பக்கம்.