மெடிக்கலில் 'செட்' மாத்திரை வாங்குகிறவர்களுக்கு: எங்களுக்கு 27,400 ரூபாய் போச்சு

கடை பெயரைப் போடவில்லை. போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்று ஓனர் மிரட்டியிருக்கிறார். தெருமுனை மெடிக்கல், அவ்வளவுதான்; உங்கள் ஏரியாவிலும் ஒன்று இருக்கும். அம்மா நேற்றுதான் டிஸ்சார்ஜ். பில் 27,400 ரூபாய்.

சிறுநீர் போகும்போது எரிச்சல், கூடவே இடுப்பு வலி. இதைத்தான் கடையில் சொன்னோம். பிரஷர் மாத்திரை போடுகிறவர் என்பதையும் சொன்னேன், காதில் வாங்கவில்லை. "டாக்டர்கிட்ட போனா அந்த டெஸ்ட் இந்த டெஸ்ட்டுன்னு எழுதித் தள்ளுவாங்கம்மா. நான் செட் தர்றேன், மூணு நாள்ல சரியாயிடும்." அப்பா படுக்கையில் கிடந்தபோது ராத்திரி கடையைத் திறந்து மருந்து கொடுத்த மனுஷன். அம்மாவுக்கு எந்த டாக்டரை விடவும் அவர் மேல்தான் நம்பிக்கை. கத்தரிக்கோலால் அட்டைகளைத் துண்டு துண்டாக நறுக்கிச் சின்னக் காகிதக் கவர்களில் போட்டு, காலை, இரவு என்று பேனாவால் கிறுக்கிக் கொடுத்தார். 240 ரூபாய். பில் கிடையாது.

செட் முடிவதற்குள் அம்மாவுக்குத் தார் மாதிரி கறுப்பாக மலம் போனது. எழுந்தால் தலைசுற்றல். ஆஸ்பத்திரியில் எண்டோஸ்கோப்பி செய்து, வயிற்றில் ரத்தக்கசிவு என்றார்கள். மிச்சமிருந்த துண்டுகளை டாக்டரம்மா மேஜையில் பரப்பினார். ஒன்றில் 'அசெக்ளோ' வரைக்கும்தான் எழுத்து இருந்தது, இன்னொன்றில் 'டைக்ளோ'. ரெண்டும் ஒரே வகை வலி மாத்திரை, சேர்த்துக் கொடுக்கவே கூடாதாம். வயிற்றைப் புண்ணாக்கும், கிட்னிக்கும் ஆகாது, பிரஷரையும் ஏற்றும். செட்டில் இருந்த ஆன்டிபயாடிக் சிப்ரோஃப்ளாக்சசின். அதோடு இந்த வகை வலி மாத்திரை சேர்ந்தால் சிலருக்கு வலிப்பே வரலாம் என்றார். கூத்து என்னவென்றால், கேஸுக்கு என்று சப்பிச் சாப்பிடும் ஆன்டாசிடும் அதே கவரில். அதைச் சேர்த்துப் போட்டால் சிப்ரோ உடம்பில் சரியாக ஏறாது. "பாராசிட்டமால் மட்டும் கொடுத்திருக்கலாமே" என்று அவர் கேட்டபோது எனக்கு ரத்தம் கொதித்தது.

கடைக்குப் போனேன். "பில் இருக்கா தம்பி?" என்பதுதான் முதல் கேள்வி. பில் கொடுக்காதவரே கேட்கிறார்! அப்புறம், "இது நம்ம கடை மாத்திரைதான்னு எப்படிச் சொல்றே?" அடுத்து, "அம்மாவுக்கு ஏற்கெனவே அல்சர் இருந்திருக்கும்." ஃபார்மசிஸ்ட் எங்கே என்றால் லீவாம். சுவரில் சர்டிஃபிகேட்டில் ஒட்டியிருக்கும் அந்த முகத்தை அந்தக் கடையில் ஒருநாளும் நான் பார்த்ததில்லை. கடைசியாக 240 ரூபாயை எடுத்து மேஜையில் வைத்து, "வாங்கிட்டுக் கிளம்பு" என்றார். போனது 27,400 ஐயா!

எதை எதோடு சாப்பிடலாம் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், அம்மா கஞ்சி கேட்கிறார். அவசரமாக: பெயரும் எக்ஸ்பயரி தேதியும் தெரியாத துண்டு மாத்திரையை வாங்காதீர்கள். சிவப்புக் கோடு போட்ட அட்டையை டாக்டர் சீட்டில்லாமல் விற்கவே கூடாது. ஆன்டிபயாடிக் சாப்பிடும்போது வலி என்றால் டாக்டரிடம் கேட்டு பாராசிட்டமாலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதுவும் ஏற்கெனவே வேறு மாத்திரையில் கலந்திருக்கிறதா பாருங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை போடுகிறவர்கள் கேட்காமல் எதையும் தொடாதீர்கள். பில் வாங்குங்கள். மருந்தால் பக்கவிளைவு என்றால் 1800-180-3024க்குச் சொல்லலாம், இலவச எண். நான் மருந்து ஆய்வாளரிடம் எழுத்தில் புகார் கொடுத்துவிட்டேன், மிச்ச மாத்திரைகளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.