மைனஸ் 2: டேப் பாரில் தமிழ் எழுத்தோடு ஆறு வருடம்

நேற்று நண்பன் கேட்டான்: "ஐபோன் ஆப்ல, கீழ டேப் பார்ல தமிழ் எழுத்து அடியில ஒட்டிக்கிட்டு நிக்குதுடா. கொஞ்சம் மேல தூக்க முடியுமா?"

முடியும். டேப் பார் என்றால் ஆப்பின் அடியில் படமும் பெயருமாக நிற்கும் பட்டன் வரிசை. அந்தப் பெயரை மேலே கீழே நகர்த்த ஒரு வசதி உண்டு: டைட்டில் பொசிஷன் அட்ஜஸ்ட்மென்ட். ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ்ஸின் 5-ஆம் பதிப்பு வந்த 2011-லிருந்து இருக்கிறது. எங்கள் வீட்டுச் சமையல் குறிப்புகளுக்காக நான் எழுதிய சின்ன ஆப்பில் ஆறு வருடமாக அது ஓடிக்கொண்டிருக்கிறது. அவனுக்கு ஒரே வரியில் பதில் சொல்ல மனம் வரவில்லை.

அது தந்த சந்தோஷத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்போது பாரின் உயரம் 49 பாயிண்ட் (பாயிண்ட் என்பது திரையில் அளவு சொல்லும் அலகு). மேலே படம், கீழே 10 பாயிண்ட் எழுத்து. ஆங்கிலத்துக்கு அது தாராளம்; பெரும்பாலான எழுத்துகள் கோட்டுக்கு மேலேயே நின்றுவிடும். 'முகப்பு' என்று எழுதிப் பாருங்கள். மு-வின் சுழி கீழே இறங்கும், பு-வின் கால் இறங்கும். ஹோம் பட்டன் வைத்த பழைய போனில் அந்தச் சுழி திரை விளிம்பில் போய் இடிக்கிற மாதிரி இருக்கும். செங்குத்தில் மைனஸ் 3 கொடுத்தேன்; மைனஸ் என்றால் மேலே. எழுத்து ஏறியது, சுழிக்கு அடியில் ஒரு வெளிச்சக் கோடு தெரிந்தது. அன்றைக்கு அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அடுத்த டேப் 'குறிப்பு'. கு-வும் பு-வும் கீழே இழுக்க, றி-யின் மேல் வளைவு போய்ப் படத்தை உரசியது. தமிழுக்கு இரண்டு பக்கமும் இடம் வேண்டும். கடைசியில் மைனஸ் 2-இல் நிறுத்தினேன். இன்றும் அதுதான்.

எரிச்சல் இதற்குப் பிறகுதான். அக்கா சமைக்கும்போது போனைப் படுக்கவைத்து மசாலா டப்பாவில் சாய்த்து வைப்பாள். ஐஓஎஸ் 11-லிருந்து, போனைப் படுக்கவைத்தால் படமும் எழுத்தும் பக்கம் பக்கமாக வந்துவிடும். பாரும் அப்போது 32 பாயிண்டாகச் சுருங்கியது. நிமிர்ந்த போனுக்கு நான் கொடுத்த மைனஸ் 2 அங்கேயும் வேலை செய்தது. எழுத்து மட்டும் படத்தைவிடத் தூக்கலாக நின்றது. "ஏன்டா இது கோணலா இருக்கு?" என்றாள். நான் படுக்கவைத்துப் பார்த்ததே இல்லை.

பாரின் தோற்றத்தை அமைக்க ஐஓஎஸ் 13-இல் வந்த டேப் பார் அப்பியரன்ஸில் இதற்கு வழி உண்டு. மேலும் கீழுமாக அடுக்கியது, ஐபேடில் பக்கவாட்டில் வருவது, ஐபோனைப் படுக்கவைத்தால் வருவது என மூன்று அமைப்புக்கும் தனித்தனியாக எழுத்தின் இடத்தைச் சொல்லலாம். நியாயமான ஏற்பாடு, மறுக்கவில்லை. ஆனால் எழுத்துருவைக் கொஞ்சம் மாற்றினாலும் மூன்றையும் திரும்பப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு புது ஐஓஎஸ்ஸுக்கும் போனைப் படுக்கவைத்து, நிமிர்த்தி, பழைய போனில் ஒருமுறை, ஐபேடில் ஒருமுறை. இரண்டே இரண்டு பாயிண்டுக்கு இவ்வளவு வேலை! நம் எழுத்துக்கு வேண்டிய உயரத்தை ஒவ்வொரு முறையும் நாமே கேட்டு வாங்க வேண்டியிருப்பதுதான் எனக்கு ஆறவே இல்லை.

நண்பனுக்கு இப்படி அனுப்பினேன்: "தொடாதே. பூஜ்ஜியத்திலேயே விட்டுடு. முகப்புக்குப் பதிலா 'இல்லம்'னு போடு, கீழ அந்த அளவுக்கு இறங்காது."

என் ஆப்பில் 'முகப்பு' அப்படியேதான் இருக்கும். மைனஸ் 2-ஐயும் எடுக்க மாட்டேன்.