சென்னை மாடிக்கு எந்த ஃப்ளாக்ஸ்? தோட்ட ஃப்ளாக்ஸ், சீசன் ஃப்ளாக்ஸ், பென்டாஸ்: ஓர் ஒப்பீடு

ஐப்பசி நெருங்கினால் சென்னை மாடித்தோட்டக்காரர்கள் நடுவில் ஃப்ளாக்ஸ் பேச்சு வந்துவிடும். விதை விற்பவர்கள் போடும் படம் அப்படி. இடுப்பளவு உயரத்தில், தலை நிறையப் பந்து பந்தாகப் பூத்து, ரோஸும் வெள்ளையும் ஊதாவுமாக நிற்கும் செடி. ஆசைப்படாமல் இருப்பது கஷ்டம்தான். ஆனால் படத்தில் இருக்கும் செடி ஒன்று, பாக்கெட்டில் வரும் விதை பெரும்பாலும் வேறொன்று. இரண்டுமே ஃப்ளாக்ஸ்தான் என்பதால் விற்பவரைக் கேள்வி கேட்கவும் முடியாது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படத்தில் இருக்கும் தோட்ட ஃப்ளாக்ஸ் சென்னைக்கு வேண்டாம். மார்கழிக் கடைசியிலிருந்து மாசி வரை மாடியில் நிறம் கொட்ட வேண்டும், அதற்காக அடைமழையில் நாற்றைக் காப்பாற்றத் தயார் என்றால் சீசன் ஃப்ளாக்ஸ். வருஷம் முழுக்கக் கொத்துப்பூ வேண்டும், கூடவே பட்டாம்பூச்சியும் வர வேண்டும் என்றால் பென்டாஸ்.

தோட்ட ஃப்ளாக்ஸ்: அழகு உண்டு, இடம் இதுவல்ல

தாவரவியலில் இதன் பெயர் ஃப்ளாக்ஸ் பேனிகுலேட்டா. அமெரிக்காவின் கிழக்குப் பகுதிதான் சொந்த ஊர். இரண்டிலிருந்து நான்கு அடி வரை வளரும். பனிக்காலத்தில் மேல்பகுதி முழுக்கக் காய்ந்து, வேர் மட்டும் மண்ணுக்கடியில் உறங்கி, வசந்தத்தில் மறுபடி துளிர்க்கும் பல்லாண்டுச் செடி. ஜூலை முதல் செப்டம்பர் வரை பூக்கும். பூவுக்கு நல்ல வாசம்.

சென்னையில் இதற்கு இரண்டு விஷயம் கிடைக்காது. முதலாவது குளிர். நம் ஜனவரி இரவுகளே சராசரியாக 20, 21 டிகிரிதான். வேர் உறங்குவதற்கு அது போதவே போதாது. உறக்கம் இல்லாத செடி வருஷத்துக்கு வருஷம் மெலிந்துகொண்டே போகும். இரண்டாவதை யாரும் அதிகம் பேசுவதில்லை: பகலின் நீளம். இது நீண்ட பகலைப் பார்த்து மொட்டு வைக்கும் செடி. அதன் சொந்த ஊர்ப் பக்கத்து ஃபிலடெல்ஃபியாவில் ஜூன் மாதப் பகல் 15 மணி நேரம். சென்னையில் வருஷத்திலேயே நீளமான பகல்கூட 13 மணி நேரத்தைத் தொடுவதில்லை. நிழல்வலை கட்டலாம், ஐஸ் தண்ணீர்கூட ஊற்றலாம். பகலை எப்படி நீட்டுவது? ஊட்டியிலும் இதே கதைதான். அங்கே குளிர் கிடைக்கும், பகல் நம்மூரைவிடக் கொஞ்சம் குறைவு.

இதோடு சாம்பல் நோய் வேறு. இலையில் வெள்ளை மாவு தூவியது போலப் படரும் இந்தப் பூஞ்சைதான் சொந்த ஊரிலேயே இதற்கு முதல் எதிரி. அதைத் தாங்கும் ரகங்களைத் தேடித்தான் அங்குள்ளவர்கள் வளர்க்கிறார்கள். வெள்ளைப் பூ டேவிட் ரகம் அப்படிப் பெயர் வாங்கியது; 2002இல் அந்த ஆண்டின் சிறந்த பல்லாண்டுச் செடியாக அமெரிக்காவில் தேர்வானது. அமெரிக்காவிலேயே நாஷ்வில் நகரத்துப் பக்கம் ஆற்றோரத்தில் கண்டெடுத்த ஜீனா என்ற ரகத்தின் பூ சின்னது. ஆனால் நோய் தாங்குவதிலும் பட்டாம்பூச்சியை இழுப்பதிலும் அது இன்னும் கெட்டி என்கிறார்கள். இந்த ரகங்களை வேரைப் பிரித்தோ தண்டு வெட்டியோதான் பெருக்க முடியும். விதை போட்டால் தாயைப் போல வராது. அதனால் "டேவிட் ஃப்ளாக்ஸ் விதை" என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். காய்ந்த வேராக அனுப்புகிறோம் என்பவர்களிடமும் வாங்க வேண்டாம். துளிர் வரும், நாலு இலை விடும், சித்திரை வெயிலில் போய்விடும்.

சீசன் ஃப்ளாக்ஸ்: நாம் நம்ப வேண்டியது இதை

இது ஃப்ளாக்ஸ் டிரம்மண்டி. டெக்சஸ் மாநிலத்து மணல் காட்டுச் செடி, ஒரே பருவத்தில் ஆயுள் முடிந்துவிடும். அரை அடியிலிருந்து ஒன்றரை அடி உயரம். தாமஸ் டிரம்மண்ட் என்ற ஸ்காட்லாந்துக்காரர் டெக்சஸில் சேகரித்து அனுப்பிய விதைகளிலிருந்து 1835இல் பிரிட்டனுக்கு வந்தது. தாவரவியலாளர் வில்லியம் ஹூக்கர் அதற்கு டிரம்மண்டின் பெயரையே வைத்தார். டிரம்மண்ட் அதே ஆண்டு கியூபாவில் இறந்துபோனார். நம் கதீட்ரல் சாலை வேளாண் தோட்டக்கலைச் சங்கம் தொடங்கியதும் அந்த 1835இல்தான். தொடங்கிய ராபர்ட் வைட்டும் ஸ்காட்லாந்துக்காரர், அவரும் ஹூக்கருக்குச் செடி அனுப்பியவர். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

சரி, செடிக்கு வருவோம். இதற்குக் கடும் குளிர் தேவையில்லை. மிதமான குளிர்ச்சியும் பளிச்சென்ற வெயிலும் போதும். நம் டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி கணக்கு இதற்குக் கச்சிதம். தொல்லை எங்கே என்றால், விதைக்க வேண்டிய நேரமும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றாக வருவதில்தான். சென்னையின் ஆண்டு மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடும். வடநாட்டுக்காரர்கள் எழுதியதைப் பார்த்து அக்டோபரில் நேராகத் தொட்டியில் தூவினால் விதை தாம்பரம் வரை மிதந்து போகும்.

நான் சொல்லும் முறை இது. அக்டோபர் கடைசியில் அல்லது நவம்பர் முதல் பாதியில், மழைச் சாரல் படாத இடத்தில், குழித்தட்டில் விதை போடுங்கள். கோகோபீட் (தென்னை நார்க்கழிவு) இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, அதில் ஒரு சிட்டிகை டிரைக்கோடெர்மா விரிடி என்ற, அழுகலைத் தடுக்கும் நல்ல பூஞ்சைப் பொடி. விதை கடுகைவிடக் கொஞ்சம் பெரிது, பழுப்பு நிறம், கையில் எடுத்தால் சொரசொரப்பு. அதன் கனத்துக்கு மேல் கொஞ்சம் மூடினால் போதும். முக்கியமான விஷயம், இதற்கு இருட்டு வேண்டும். பல பூ விதைகளை வெளிச்சத்தில் விடச் சொல்வார்கள், ஃப்ளாக்ஸ் அப்படி இல்லை. தட்டின் மேல் செய்தித்தாள் போட்டு மூடி வைத்து, தினமும் திறந்து பாருங்கள். ஒன்றிலிருந்து இரண்டு வாரத்துக்குள் முளை தெரியும். தெரிந்த அன்றே தாளை எடுத்துவிட வேண்டும், ஒரு நாள் தாமதித்தாலும் நாற்று வெளுத்து நீண்டு சாய்ந்துவிடும்.

அதன்பிறகு வரும் மூன்று வாரம்தான் சோதனை. காற்றில் ஈரம் நிறைந்திருக்கும், வெயில் எட்டிப் பார்க்காது, நாற்றின் அடித்தண்டு நூல் போல இளைத்து மடிந்து விழும். நாற்றழுகல் என்பது இதுதான். மேலிருந்து தண்ணீர் தெளிக்காமல், தட்டைத் தண்ணீரில் வைத்து அடியிலிருந்து உறிஞ்ச விடுங்கள். மேல்மண் வெளுத்த பிறகுதான் அடுத்த தண்ணீர். புயல் எச்சரிக்கை வந்தால் தட்டை வீட்டுக்குள் ஜன்னலோரம் கொண்டுவந்துவிடுவது நல்லது.

நாற்று மூன்று, நான்கு அங்குலம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிடுங்கள். மனம் வராது, ஆனாலும் கிள்ளத்தான் வேண்டும். கிள்ளாத செடி ஒற்றைத் தண்டாக நின்று ஒரே கொத்தோடு முடிந்துவிடும். கிள்ளியதோ பக்கத்துக்குப் பக்கம் கிளைத்து, தொட்டியே தெரியாமல் மூடிவிடும். டிசம்பர் முதல் வாரத்துக்கு மேல், மழை விட்டு இரண்டு நாள் வெயில் அடித்ததும், வேர் மண்ணோடு சேர்த்துத் தொட்டிக்கு மாற்றலாம். பத்து அங்குலத் தொட்டிக்கு மூன்று செடி. செம்மண், மணல், தொழு உரம் கலந்த, தண்ணீர் நிற்காத கலவை. அண்ணாநகர், அம்பத்தூர் பக்கத்துக் களிமண்ணை அப்படியே நிரப்பாதீர்கள். பெசன்ட் நகர், திருவான்மியூர் மணலில் தொழு உரத்தைக் கூட்டுங்கள். தினமும் ஐந்து மணி நேர வெயில் விழும் இடம் வேண்டும்.

விதைத்த இரண்டு, இரண்டரை மாதத்தில் பூக்கத் தொடங்கும். பூவைக் கிட்டே போய்ப் பாருங்கள். ஐந்து இதழ், நடுவில் நட்சத்திரம் போல வேறு நிறத்தில் ஒரு கண். ஒரே பாக்கெட் விதையில் ஒரு செடிக்கு வெள்ளைக் கண், இன்னொன்றுக்குக் கருஞ்சிவப்புக் கண், மூன்றாவதற்குக் கண்ணே இல்லாமலும் வரும். தண்டிலும் இலையிலும் பிசுபிசுப்பான மெல்லிய ரோமம் இருக்கும், தொட்டால் விரலில் ஒட்டும். ட்விங்கிள் வகையில் இதழே கூராகப் பிளந்து முழுப் பூவும் நட்சத்திரமாக இருக்கும். கலவை நிற பாக்கெட்டே வாங்குங்கள். தனி நிறம் வாங்குவது வீண் என்பது என் கருத்து.

தை கடைசியில் முதல் அலைப் பூ ஓயும். அப்போது செடியைப் பாதி உயரத்துக்கு வெட்டிவிட்டு, மண்புழு உரம் ஒரு கைப்பிடி போட்டுத் தண்ணீர் விட்டால் மாசிக் கடைசியில் இரண்டாவது அலை வரும். பங்குனி வெயிலில் தானாகவே பழுத்துவிடும், அதன் ஆயுள் அவ்வளவுதான். சித்திரை வரை இழுக்கிறேன் என்று யாரும் பாடுபட வேண்டாம்.

பென்டாஸ்: ஃப்ளாக்ஸ் இல்லை, ஆனாலும் போட்டிக்கு வரும்

ஆப்பிரிக்காவும் ஏமனும் பூர்விகம். நட்சத்திரம் போன்ற சின்னச் சின்னப் பூக்கள் கொத்தாக, இரண்டு மூன்று அடி உயரச் செடியின் உச்சியில் நிற்கும். தோட்ட ஃப்ளாக்ஸின் அந்தப் படம்தான் மனதில் இருக்கிறது என்றால், சென்னையில் அதற்கு மிகக் கிட்டே போவது இதுதான். நம் ஊர் வெயில் இதற்குப் பொருட்டே இல்லை. விரல் கனத் தண்டை வெட்டி நிழலில் நட்டால் இரண்டு மூன்று வாரத்தில் வேர் விடும். அதனால் ஒரு செடி வாங்கினால் போதும், தெருவுக்கே கொடுக்கலாம்.

எலுமிச்சை அழகி பட்டாம்பூச்சி இதை விடவே விடாது. குழல் போன்ற ஒடுக்கமான பூ என்பதால் நீண்ட உறிஞ்சி உள்ளவற்றுக்கு வசதி, தேன்சிட்டும் வரும். சீசன் ஃப்ளாக்ஸும் இதே குழல் அமைப்புதான், அங்கேயும் பட்டாம்பூச்சி வரும், ஆனால் மூன்று மாதம்தானே.

குறைகளும் உண்டு. மாவுப்பூச்சி பிடிக்கும். கோடையில் காற்றோட்டம் இல்லாத மூலையில் வைத்தால் இலைக்கு அடியில் செஞ்சிலந்தி வலை பின்னும். இரண்டுக்கும் முதல் மருந்து, குழாய்த் தண்ணீரை இலையின் அடிப்பக்கம் வேகமாகப் பீய்ச்சுவது. அதற்கும் அடங்காவிட்டால் சாயங்காலத்தில் வேப்பெண்ணெய்க் கரைசல். அப்புறம், நிறம் எண்ணிச் சில வகைதான்: சிவப்பு, ரோஸ், வெள்ளை, இளம் ஊதா. ஃப்ளாக்ஸ் கலவையில் வரும் அந்தக் கண்ணும் கோடும் இதில் அபூர்வம். வெட்டாமல் விட்டால் குச்சி குச்சியாக உயர்ந்து அடியில் மொட்டையாகிவிடும், ஆடியில் ஒரு முறையும் மழை முடிந்து ஒரு முறையும் கவாத்து, அதாவது கிளைகளை வெட்டிவிடுவது, அவசியம்.

நித்தியகல்யாணியையும் சிலர் இந்தப் போட்டியில் சேர்ப்பார்கள். ஐந்து இதழும் நடுக்கண்ணும் ஃப்ளாக்ஸை நினைவூட்டும் என்பது நிஜம். ஆனால் கொத்தாகப் பூக்காது. நாட்டு வகை எதையும் தாங்கும். கடையில் விற்கும் பெரிய பூ கலப்பின வகை மழையில் அடித்தண்டு அழுகிப் போகும். தண்ணீர் ஊற்ற ஆளில்லாத வீட்டுக்கு நாட்டு நித்தியகல்யாணி, வேறு யோசனையே வேண்டாம்.

நேருக்கு நேர்

வாசத்தில் தோட்ட ஃப்ளாக்ஸை மற்ற இரண்டும் நெருங்க முடியாது. சீசன் ஃப்ளாக்ஸில் லேசாக இருக்கும், பென்டாஸில் ஒன்றுமில்லை. வெள்ளைக் கொத்தும் வாசமும் சேர்ந்து வேண்டும் என்றால் ஃப்ளாக்ஸை மறந்துவிட்டு ஒரு காமினிச் செடி வையுங்கள், நம் மண்ணில் வேலியாகவே வளரும்.

சாம்பல் நோய் சீசன் ஃப்ளாக்ஸுக்கும் வரும், தை மாதப் பனியில் கூடுதலாகவே வரும். காலையில் வேரில் மட்டும் தண்ணீர், தொட்டிகளுக்கு நடுவே ஒரு முழ இடைவெளி, இந்த இரண்டையும் கடைப்பிடித்தாலே பாதி குறைந்துவிடும். ஆரம்பத்திலேயே புளித்த மோரைத் தண்ணீரில் கலந்து தெளிக்கலாம். பென்டாஸில் இந்தக் கவலை குறைவு.

போர்வெல் உப்புத் தண்ணீர் உள்ள வீடுகளில் சீசன் ஃப்ளாக்ஸின் இலை ஓரம் கருகும். முடிந்தால் நாற்றுக்காவது மழைநீர் பிடித்து வையுங்கள், அந்த மாதத்தில் அதற்குப் பஞ்சம் இல்லை. பென்டாஸ் சமாளித்துக்கொள்ளும். மேற்கு வெயில் மட்டும் விழும் பால்கனிக்கும் பென்டாஸ்தான்.

நேரம் இல்லாதவர்கள் ஜனவரியில் ஈசிஆர் பக்க நர்சரிகளில் பூத்த நாற்றாகவே வாங்கலாம். "அண்ணா, இது எத்தனை மாசம் வரும்?" என்று கேளுங்கள். "சீசன் பூக்கா, மார்ச் வரைக்கும்தான்" என்று சொன்னால் அது டிரம்மண்டி, தைரியமாக வாங்கலாம். "வருஷம் பூரா பூக்கும்" என்று சொல்லி ஃப்ளாக்ஸ் என்று நீட்டினால் இலையைத் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுப்பு இல்லாமல், நரம்பு ஆழமாகப் பதிந்திருந்தால் அது பென்டாஸ். அதையும் வாங்கலாம், ஃப்ளாக்ஸ் விலை மட்டும் கொடுக்காதீர்கள்.

விதை சேர்ப்பவர்களுக்கு ஒன்று. சீசன் ஃப்ளாக்ஸின் பூ தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது, ஒரே செடி வைத்திருந்தால் காய் அநேகமாகப் பிடிக்காது. நாலைந்து செடி பக்கத்தில் இருக்கட்டும். காய் காய்ந்ததும் வெடித்து விதையைத் தெறித்துவிடும் என்பதால், பழுப்பாக மாறத் தொடங்கும்போதே கொத்தோடு வெட்டிக் காகிதப் பைக்குள் தலைகீழாகப் போட்டு வாயைக் கட்டிவிடுங்கள். பிளாஸ்டிக் பை கூடாது, வியர்த்துப் பூசணம் பிடிக்கும். நன்றாகக் காய்ந்ததும் காற்றுப் புகாத டப்பாவில், வெக்கை படாத அலமாரியில் அடுத்த ஐப்பசி வரை இருக்கட்டும்.