வண்டி பார்க்க வேண்டுமா, சைக்கிள் கத்த வேண்டுமா?

2018 மார்ச் 18 இரவு, அமெரிக்காவின் அரிசோனா மாநிலம் டெம்பி நகரில், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த 49 வயதுப் பெண்ணை ஊபரின் தானியங்கிச் சோதனைக் கார் மோதிக் கொன்றது. மோதுவதற்கு 5.6 விநாடி முன்பே கருவி அவரைக் கண்டுவிட்டது. கண்டது என்னவென்றுதான் அதற்குப் பிடிபடவில்லை. கார் என்றது, ஏதோ பொருள் என்றது, சைக்கிள் என்றது. பெயரை மாற்றிய ஒவ்வொரு முறையும், அவர் எந்தப் பக்கம் போகிறார் என்ற கணக்கை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கியது. கடப்பதற்கான கோடு இல்லாத இடத்திலும் மனிதர்கள் குறுக்கே வருவார்கள் என்பதை யாரும் அதற்குச் சொல்லித்தரவே இல்லை.

கார் தானே பார்த்துப் பிரேக் போடும் வழியின் பலவீனம் இங்கே வெட்டவெளிச்சம். கடைகளில் விற்கும் கார்களின் தானியங்கி பிரேக், பாதசாரிகள் மீதான மோதல்களை 27 சதவீதம் குறைத்ததாக 2022இல் ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. நல்ல செய்திதான். ஆனால் விளக்கில்லாத இருட்டுச் சாலையில் பலன் எதுவும் தெரியவில்லை.

இதற்குப் போட்டியாக வருவது, சைக்கிளிலிருந்தோ கைபேசியிலிருந்தோ 'நான் இங்கே இருக்கிறேன்' என்று கார்களுக்கு ரேடியோ அலையில் அறிவிக்கும் கருவி. நிற்கும் லாரிக்குப் பின்னால் கேமராவுக்குத் தெரியாத ஆளையும் இது காட்டிக்கொடுக்கும். இருந்தும் எனக்கு இதில் உடன்பாடில்லை. பேட்டரி தீர்ந்தவர், பள்ளிக்குப் போகும் பிள்ளை, கருவி வாங்க வசதியில்லாதவர் எல்லாம் காரின் கண்ணுக்கு இல்லாதவர்களாகிவிடுவார்கள். அடிபட்ட பிறகு, 'கருவி ஏன் வைத்திருக்கவில்லை' என்ற கேள்வியும் அவர்கள் மேல்தான் விழும்.

இன்னொரு வழி, காரின் வேகத்தையே அடக்குவது. வேக வரம்பு மீறினால் எச்சரிக்கும் கருவி, 2024 ஜூலை முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லாப் புதிய கார்களிலும் கட்டாயம். ஓட்டுநர் அதை அணைக்கலாம். மறுமுறை வண்டியைக் கிளப்பும்போது தானே விழித்துக்கொள்ளும்.

இவை எதற்கும் இல்லை, என் ஓட்டு சாலையோரச் சிக்னல் விளக்குக்கே. டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகனின் நோரெப்ரோ வீதியில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் மிதிப்பவருக்கு அடுத்தடுத்த சிக்னல்கள் பச்சை காட்டும்படி அமைத்தார்கள். சிங்கப்பூரில் 2009இல் வந்த ஏற்பாட்டில், முதியவர் தம் சலுகை அட்டையைச் சிக்னல் கம்பத்தில் இருக்கும் கருவியில் வைத்தால், கடக்கும் தூரத்தைப் பொறுத்துப் நடப்பவர்களுக்கான பச்சை மனித விளக்கு 3 முதல் 13 விநாடி கூடுதலாக எரியும். மூட்டுவலியோடு நடப்பவருக்குப் பாதிச் சாலையில் தவிப்பதற்கும் நடைபாதையை எட்டுவதற்கும் உள்ள வித்தியாசம் அந்த விநாடிகள்தான். அங்கே அட்டையும் பழையது, கம்பமும் பழையது. எந்தக் கார் வந்தாலும், ஓட்டுபவர் எவ்வளவு வசதியானவரானாலும் நின்றே ஆக வேண்டும். ஒரு நகரத்தின் கையில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறதென்றால், அதைக் கம்பத்தில் போடச் சொல்வேன்.